ஒரே சப்ளையில் ஆறு கேமரா ஓடுமா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் வீட்டுக் கேமராவுக்கும் சென்சாருக்கும் கரண்ட் கொடுப்பது பற்றியவை நிறைய இருந்தன. ஒன்றுக்குச் சொல்லும் பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வீட்டைச் சுற்றி 6 கேமரா, உள்ளே 4 மோஷன் சென்சார், மாடியில் ஒரு சைரன் வைத்திருக்கிறேன். எல்லாமே 12 வோல்ட். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடாப்டர் என்பதால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி வைத்திருக்கிறேன், பார்க்கவே பயமாக இருக்கிறது. இதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு பெரிய சப்ளையில் எல்லாவற்றையும் ஓட்ட முடியுமா? எத்தனை ஆம்ப் வாங்க வேண்டும்? ஐந்து கேமரா 10 மீட்டருக்குள் இருக்கின்றன, கேட்டில் இருப்பது மட்டும் 35 மீட்டர் தள்ளி.

பதில்: முடியும். (சென்சாரையும் சைரனையும் மட்டும் ஏன் பிரித்து வைக்கச் சொல்கிறேன் என்பதைக் கீழே அலாரம் பேனல் பற்றிய பதிலில் பாருங்கள்.) அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அடுக்கை இந்த வாரமே பிரித்துவிடுங்கள் என்று சொல்வேன். ஒவ்வொரு இணைப்பும் தளர்ந்து சூடாகக்கூடிய ஓர் இடம், உங்களிடம் அப்படிப் பத்துக்கு மேல் இருக்கின்றன.

முதலில் ஆம்ப் கணக்கு, அது சுலபம். ஒவ்வொரு கேமராவின் அடியிலும் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 12 வோல்ட், 5 வாட் என்று இருந்தால் 5-ஐ 12-ஆல் வகுத்தால் 0.42 ஆம்ப். ஆறு கேமராவுக்கு 2.5 ஆம்ப். ஒயர் வைத்த மோஷன் சென்சார் ஒன்று 10 முதல் 20 மில்லி ஆம்ப்தான் எடுக்கும், நான்கும் சேர்ந்தாலும் 0.1 ஆம்ப்பைத் தொடாது. சைரனுக்கு அரை ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம் (லேபிளைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஆம்ப்புக்கு மேல் இழுக்கும் சைரன்களும் உண்டு). மொத்தம் 3.1 ஆம்ப். எந்த சப்ளையையும் அதன் முழு அளவுக்கு நாள் முழுவதும் ஓட்டக் கூடாது, 80 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் நீண்ட நாள் உழைக்கும். 3.1-ஐ 0.8-ஆல் வகுத்தால் 3.9. ஆக, 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் ஆக்கித் தரும் சப்ளைப் பெட்டி) போதும். ரெக்கார்டரையும் அதிலேயே சேர்ப்பதாக இருந்தால் அதற்கு இன்னும் 2 ஆம்ப் கூட்டிக்கொள்ளுங்கள், ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் அது நிறைய கேட்கும். அப்போது 10 ஆம்ப் சப்ளைக்குப் போய்விடுவது நல்லது.

பெரும்பாலானவர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திவிட்டு வாங்கப் போய்விடுகிறார்கள். உங்கள் கேள்வியில் முக்கியமான எண் அந்த 35 மீட்டர்தான். பெட்டியில் 12 வோல்ட் இருந்தால் போதாது, கேமராவின் வாயில் 12 வோல்ட் போய்ச் சேர வேண்டும். இடையில் ஒயர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

செம்பு ஒயர், 1 சதுர மில்லிமீட்டர் தடிமன் என்றால், ஒரு மீட்டருக்கு 0.0172 ஓம் தடை. கரண்ட் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும் என்பதால் 35 மீட்டர் தூரத்துக்கு 70 மீட்டர் கணக்குப் போட வேண்டும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 70 மீட்டருக்கு 1.2 ஓம். 0.42 ஆம்ப் ஓடும்போது அரை வோல்ட் இழப்பு, கேமராவுக்கு 11.5 வோல்ட் போய்ச் சேரும், பிரச்சினை இல்லை. அதையே 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழுத்தால் இழப்பு ஒரு வோல்ட், 11 வோல்ட் சேரும், அதுவும் ஓடும். ஆனால் கேமரா கேபிளோடு சேர்ந்து வரும் முடி போன்ற ஒயரோ, லேன் கேபிளின் ஒரு ஜோடியோ ஏறக்குறைய 0.2 சதுர மில்லிமீட்டர்தான். அதில் 6 ஓம், இரண்டரை வோல்ட் காணாமல் போய் 9.5 வோல்ட்தான் மிஞ்சும். பல 12 வோல்ட் கேமராக்களின் தாங்குதிறன் பத்து சதவீதம் கூடக்குறைய, அதாவது 10.8-லிருந்து 13.2 வோல்ட் வரை. 9.5-ல் அது ஓடினாலும் ஓடும், ஓடாமலும் போகும். அப்படி நிச்சயமில்லாமல் ஓடும் காவல் கேமராவை நம்பி எப்படித் தூங்குவது?

அதனால் கேட் கேமராவுக்கு மட்டும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் தனியாக இழுங்கள். கேமராவிலிருந்து கேமராவுக்குத் தாவித் தாவிக் கொடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் பெட்டியிலிருந்து நேராக ஒரு ஜோடி போகட்டும். ஒரே ஒயரில் மூன்று கேமராவைத் தொங்கவிட்டால் கரண்ட் மூன்று மடங்கு, இழப்பும் மூன்று மடங்கு, கடைசியில் இருப்பது பட்டினி கிடக்கும். அப்புறம் ஒன்று: வாங்கும்போது அது முழுச் செம்பா என்று ஒயரைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். நான் சொன்ன கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.

கேள்வி: பகல் முழுவதும் கேமரா அருமையாக ஓடுகிறது. இருட்டியதும் படம் போகிறது, ஒரு நிமிடத்தில் வருகிறது, மறுபடியும் போகிறது. கேமராவை மாற்றிவிட்டேன், புதியதும் அதையே செய்கிறது. சப்ளை புதிது, 10 ஆம்ப். என்னதான் கோளாறு?

பதில்: மேலே சொன்ன அதே கதைதான், உங்கள் வீட்டில் அது நடந்தே விட்டது. இருட்டியதும் கேமராவுக்குள் இருக்கும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும். பகலில் 0.2 ஆம்ப் எடுத்த கேமரா இரவில் அதைப் போல இரண்டு மடங்கோ மேலேயோ இழுக்கும். ஒயரில் இழப்பும் அதே அளவுக்குக் கூடும். வோல்டேஜ் விழுந்ததும் கேமரா அணைகிறது. அணைந்ததும் விளக்குகளும் அணைவதால் ஒயரில் கரண்ட் நின்று வோல்டேஜ் மறுபடி ஏறுகிறது. கேமரா மெதுவாக உயிர் பெற்று, இருட்டாக இருக்கிறதே என்று விளக்கைப் போடுகிறது, மறுபடியும் விழுகிறது. விடியும்வரை இது நடக்கும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பல கேமராக்கள் உள்ளே தமக்கு வேண்டிய வோல்டேஜைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. அவற்றுக்கு வேண்டியது குறிப்பிட்ட வாட். வோல்டேஜ் குறைந்தால் அதே வாட்டுக்காக இன்னும் அதிக ஆம்ப்பை இழுக்கும், அதனால் ஒயரில் இழப்பு இன்னும் கூடும். சரிவு தொடங்கிவிட்டால் பாதியில் நிற்காது, மொத்தமாக விழும்.

ஒரு மல்டிமீட்டர் போதும், இதை நீங்களே உறுதி செய்துவிடலாம். ஆனால் எப்படி அளப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேமராவைக் கழற்றிவிட்டு ஒயரின் நுனியில் அளந்தால் கச்சிதமாக 12 காட்டும், கரண்ட் ஓடாத ஒயரில் இழப்பே கிடையாது. பலரும் இப்படி அளந்துவிட்டு, கரண்ட் சரியாக வருகிறது, கேமராதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். கேமரா இணைந்தே இருக்க வேண்டும், இரவாக இருக்க வேண்டும் அல்லது லென்ஸ் பக்கத்தில் இருக்கும் ஒளி சென்சாரைக் கறுப்புத் துணியால் மூடி விளக்குகளை எரிய வைக்க வேண்டும், அப்போது கேமரா பக்கத்தில் அளக்க வேண்டும். 10.8-க்குக் கீழே காட்டினால் குற்றவாளி ஒயர்.

தீர்வு மூன்று. தடிமனான ஒயர் போடலாம், இதுதான் முதல் விருப்பம். ஒயர் சுவருக்குள் புதைந்திருக்கிறது, மாற்ற வழியில்லை என்றால் பெட்டியில் 24 வோல்ட் சப்ளை வைத்து, கேமராவுக்குப் பக்கத்தில் மழை படாத சின்னப் பெட்டிக்குள் 24-ஐ 12 ஆக்கும் பக் கன்வெர்ட்டர் வைக்கலாம். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் கரண்ட் பாதி, ஒயரில் வீணாகும் வாட் கால் பங்கு. மூன்றாவது வழி, எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி 12-ஐ 13 ஆக்குவது. தூரத்தில் இருக்கும் கேமராவுக்கு அது உதவும். ஆனால் அதே பெட்டியில் ஓரடி ஒயரில் ஒரு கேமரா இருந்தால் அதற்கு முழு 13-ம் போகும். எல்லாக் கேமராக்களின் லேபிளையும் பார்க்காமல் அந்தத் திருகைத் தொடாதீர்கள். 10 ஆம்ப் சப்ளையை 20 ஆம்ப் சப்ளையாக மாற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உங்கள் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: 1 ஆம்ப் அடாப்டர் வந்த கேமராவை 10 ஆம்ப் சப்ளையில் போட்டால் கேமரா எரிந்துவிடாதா?

பதில்: எரியாது. கேமரா தனக்கு வேண்டிய அளவைத்தான் இழுக்கும். 10 ஆம்ப் என்பது சப்ளையால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு, அவ்வளவுதான். வோல்டேஜ் மட்டும் ஒத்துப்போக வேண்டும், பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. பெரும்பாலான கேமரா பின்களில் நடுவில் பிளஸ், வெளியே மைனஸ், இருந்தாலும் ஒருமுறை மீட்டரில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

கேமரா எரியாது, ஆனால் ஒயர் எரியலாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தனித்தனி அடாப்டரிலிருந்து ஒரே சப்ளைக்கு மாறுபவர்கள் புதிதாக விலைக்கு வாங்கும் பெரிய ஆபத்து இதுதான். 1 ஆம்ப் அடாப்டரின் ஒயர் எங்கேயாவது ஷார்ட் ஆனால் அடாப்டர் தானே அடங்கிவிடும். 10 ஆம்ப் சப்ளை அடங்காது. 35 மீட்டர் தள்ளி மெல்லிய ஒயரின் நுனியில் ஷார்ட் ஆகிறது என்று வையுங்கள். ஒயரின் தடை 6 ஓம் என்று பார்த்தோமே, 12 வோல்ட்டில் 2 ஆம்ப்தான் ஓடும். 10 ஆம்ப் சப்ளைக்கு 2 ஆம்ப் சாதாரண லோடு, அது ஷார்ட் என்றே அதற்குத் தெரியாது. 24 வாட் சூடு ஒயர் முழுக்கப் பரவி, சுவருக்குள்ளும் கட்டு கட்டாகச் சுருட்டி வைத்த இடத்திலும் மணிக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். மாறாக, பெட்டிக்கு மிக அருகில் ஷார்ட் ஆனால் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக நின்றுவிடும், ஆறு கேமராவும் ஒரே நேரத்தில் குருடாகும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஒவ்வொரு கிளைக்கும் பெட்டிக்குள்ளேயே தனி ஃபியூஸ். 0.42 ஆம்ப் எடுக்கும் கேமராவுக்கு 1 ஆம்ப் ஃபியூஸ். கேமராக்களுக்கென்றே விற்கும் பல வழி சப்ளைப் பெட்டிகளில் ஒவ்வொரு வழிக்கும் பிடிசி என்கிற தானே மீளும் ஃபியூஸ் இருக்கும். ஷார்ட் ஆனால் சூடாகி வழியை அடைக்கும், கோளாறை நீக்கி அது ஆறியதும் தானாகத் திறந்துகொள்ளும். ஆனால் பெட்டியே வெயிலில் கொதித்தால் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பின்னை எட்டாகப் பிரிக்கும் ஆக்டோபஸ் ஒயரில் இந்தப் பாதுகாப்பு எதுவுமே கிடையாது. இரண்டு கேமராவுக்கு மேல் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: அலாரம் பேனலுக்கும் கேமராவுக்கும் ஒரே சப்ளை போதும் என்று வேலைக்கு வந்தவர் சொல்கிறார். மோஷன் சென்சார்களையும் அதிலேயே கொடுத்துவிடலாமா?

பதில்: கணக்குப்படி முடியும். என்னிடம் கேட்டால் வேண்டாம் என்பேன்.

வெளிச்சுவரில் இருக்கும் கேமராவின் ஒயர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு வருபவர் அதை வெட்டும்போது இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டால், கிளைக்கு ஃபியூஸ் இல்லாத அமைப்பில், வீட்டுக்குள் இருக்கும் மோஷன் சென்சாரும் சைரனும் அதோடு சேர்ந்து செத்துவிடும். எது நடக்கும்போது அலாரம் கத்த வேண்டுமோ அப்போதே அது வாயை மூடிக்கொள்ளும். வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றை ஒன்று கீழே இழுக்க முடியாதபடி பிரித்து வைப்பதில் எனக்குச் சமரசமே கிடையாது.

அலாரம் பேனல்கள் பலவற்றில் சென்சார்களுக்கென்றே 12 வோல்ட் வெளியீடு இருக்கும், பேனலுக்குள் இருக்கும் பேட்டரி அதையும் தாங்கும். நான்கு சென்சார் எடுக்கும் 60, 70 மில்லி ஆம்ப் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, அங்கிருந்தே கொடுங்கள். அந்த வெளியீட்டில் கேமராவைக் கொடுக்காதீர்கள், அதன் அளவு குறைவு, எவ்வளவு என்று பேனலின் கையேட்டிலேயே போட்டிருக்கும். சென்சார்களை வேறு சப்ளையில் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் அந்த சப்ளையின் மைனஸையும் பேனலின் மைனஸையும் ஒயரால் இணைக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் சில பேனல்கள் சென்சாரின் சிக்னலைச் சரியாகப் படிக்காது. கதவுக்குக் காந்தப் பூட்டு வைத்திருந்தால் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றை அதன் முனைகளில் தலைகீழாகப் போடுங்கள். பூட்டை அணைக்கும் நொடியில் அதன் சுருள் எதிர்த்திசையில் ஒரு பெரிய வோல்டேஜ் உதையைத் தரும். அதே லைனில் இருக்கும் சென்சார் காரணமில்லாமல் கத்துவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, மாலையில் எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் விளக்கைப் போடும்போது விழும் வோல்டேஜ். தினமும் அந்தி நேரத்தில் பொய் அலாரம் அடிக்கிறது என்று எழுதிய இன்னொரு வாசகரும் இதையே பார்க்கவும்.

கேள்வி: என்னிடம் இருப்பவை பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் கதவு சென்சார்கள், 5 வோல்ட் யுஎஸ்பி கேமரா இரண்டு. பேட்டரி மாற்றிச் சலித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய 5 வோல்ட் சப்ளையிலிருந்து ஒயர் இழுத்துவிடலாமா?

பதில்: இரண்டையும் வேறு வேறாகப் பாருங்கள். கதவு சென்சார் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டே இருக்கும், எடுப்பது சில மைக்ரோ ஆம்ப். அதனால்தான் ஒரு நாணயப் பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. அதற்கு ஒயர் இழுத்து, 3 வோல்ட் ஆக்க ஒரு கன்வெர்ட்டர் வைத்தால், அந்தக் கன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது எடுப்பதே சென்சார் எடுப்பதைவிடப் பல மடங்கு. கரண்ட் போனால் சென்சாரும் போய்விடும் என்பது அதைவிடப் பெரிய நஷ்டம். பேட்டரியிலேயே விட்டுவிடுங்கள். அடிக்கடி பேட்டரி தீர்கிறது என்றால் ரிசீவர் தூரத்தில் இருந்து சிக்னல் பலவீனமாகி, சென்சார் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்புகிறதா என்று பாருங்கள்.

கேமராக்களுக்கு ஒயர் இழுக்கலாம், ஆனால் 5 வோல்ட்டாக இழுக்காதீர்கள். 10 மீட்டர் தூரத்துக்கு 0.2 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஒரு ஆம்ப் ஓடினால் 1.7 வோல்ட் இழப்பு. 12-ல் அது போனால் சமாளிக்கலாம், 5-ல் போனால் மிஞ்சுவது 3.3. யுஎஸ்பி கேமரா அதில் எழுந்திருக்கவே செய்யாது. 12 வோல்ட்டை இழுத்துக் கேமராவின் காலடியில் 5 ஆக்கும் கன்வெர்ட்டரை வையுங்கள். கன்வெர்ட்டரைக் கேமராவில் செருகுவதற்கு முன் அதன் வெளியீட்டை மீட்டரில் அளந்துவிடுங்கள், திருகால் மாற்றும் வகை என்றால் அது வேறு ஏதாவது அளவில் நின்றிருக்கலாம்.

கேள்வி: லேன் கேபிளிலேயே கரண்டும் போகும் பிஓஇ முறைக்கு மாறிவிடலாமா? என்னிடம் இருக்கும் 12 வோல்ட் சப்ளையை லேன் கேபிளில் கொடுத்தால் அதுவும் பிஓஇ தானே?

பதில்: புதிதாக வீடு கட்டுபவரோ கேமரா அத்தனையையும் மாற்றுபவரோ கேட்டால் யோசிக்காமல் பிஓஇ என்பேன். 5 வாட் கேமராவுக்கு 48 வோல்ட்டில் 0.1 ஆம்ப் போதும், அதனால் 100 மீட்டர் வரை மெல்லிய லேன் கேபிளிலேயே போய்விடும். ஒரே பிஓஇ ஸ்விட்ச்தான் (லேன் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டி) சப்ளை, ஒவ்வொரு போர்ட்டும் தனித்தனியாகத் தன்னைக் காத்துக்கொள்ளும். நான் ஃபியூஸ் ஃபியூஸ் என்று புலம்பியது அதில் பிறக்கும்போதே இருக்கிறது. தொங்கிப்போன கேமராவை ஏணி போட்டு ஏறாமல் ஸ்விட்ச்சிலிருந்தே அணைத்துப் போடும் வசதியும் பலவற்றில் உண்டு.

2003-ல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் கொடுக்கும், ஒயர் இழப்பு போக மறுமுனைக்கு 12.95 வாட் உறுதி. 2009-ன் 802.3ஏடி 30 வாட் கொடுத்து 25.5 வாட் சேர்க்கும், சுழலும் கேமராக்களுக்கு இது வேண்டியிருக்கும். வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்கள். எட்டு போர்ட்டுக்கு 15.4 வீதம் 123 வாட் வேண்டும், ஆனால் 60, 65 வாட் மட்டுமே கொண்ட எட்டு போர்ட் ஸ்விட்ச்சுகள் நிறைய. 5 வாட் கேமரா எட்டுக்கு அது போதும், 10 வாட் கேமரா எட்டுக்குப் போதாது, இரவில் விளக்குகள் எரியும்போது கடைசி ஒன்றிரண்டு விழும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அது தரப்படுத்தப்பட்ட பிஓஇ இல்லை. உண்மையான பிஓஇ ஸ்விட்ச், மறுமுனையில் 25 கிலோ ஓம் அடையாளத் தடை இருக்கிறதா என்று சின்ன வோல்டேஜில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் 48 வோல்ட்டைத் திறக்கும். அதனால் தெரியாமல் லேப்டாப்பைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. லேன் கேபிளின் நீல ஜோடியிலும் பழுப்பு ஜோடியிலும் நேரடியாக 12 வோல்ட் ஏற்றும் சாதனத்துக்கு எதிரில் யார் இருக்கிறார் என்ற கேள்வியே கிடையாது, எப்போதும் திறந்தே இருக்கும். 12 வோல்ட் என்பதால் ஒயர் இழப்பும் பழையபடியே. ஜோடியின் இரண்டு ஒயரும் சேர்ந்து ஓடுவதால் தடை பாதியாகும், அதனால் 15, 20 மீட்டருக்குள் ஓடிவிடும், அதற்கு மேல் இரவில் விழுவதைப் பார்ப்பீர்கள். 12 வோல்ட் கேமராவை மாற்ற மனமில்லை, தூரமும் அதிகம் என்றால், அது நெட்வொர்க் கேமராவாக இருக்கும்பட்சத்தில், உண்மையான பிஓஇ ஸ்விட்ச்சும் மறுமுனையில் 48-ஐ 12 ஆக்கிக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டரும் போடுங்கள்.

கேள்வி: கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்று 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் பேட்டரி வைத்திருக்கிறேன். ஆறு கேமரா, ரெக்கார்டர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 4 ஆம்ப். 7-ஐ 4-ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் வர வேண்டும், ஒரு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. பேட்டரி போலியா?

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. லெட்-ஆசிட் பேட்டரியின் 7 ஆம்ப்-அவர் என்பது 20 மணி நேரம் நிதானமாக, 0.35 ஆம்ப் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 4 ஆம்ப் வேகத்தில் இழுத்தால் அதில் பெரும் பகுதி கைக்கு வராது, ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பது நியாயமான கணக்குதான். பேட்டரி 10.5 வோல்ட் வரை இறங்கும், ஆனால் அதற்கு முன்பே, தூரத்தில் மெல்லிய ஒயரில் இருக்கும் கேமரா பட்டினியில் அணைந்துவிடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 6 மணி நேரம் வேண்டும் என்றால் 4 ஆம்ப்புக்கு 24 ஆம்ப்-அவர் செலவாகும். பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சாமல் இருக்க 40 ஆம்ப்-அவர் அளவில் வாங்குங்கள். அடிமட்டம் வரை அடிக்கடி இறக்கினால் லெட்-ஆசிட் சீக்கிரமே செத்துப்போகும்.

எதிர்ப்பக்கம் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியை நிறைவாக வைத்திருக்க சார்ஜர் 13.5-லிருந்து 13.8 வோல்ட் வரை கொடுக்கும். கேமராக்களை அதே லைனில் இணைத்தால் பக்கத்துக் கேமராவுக்கு எப்போதும் 13.8 போகும், பத்து சதவீதத் தாங்குதிறன் என்றால் எல்லை 13.2. உடனே எரியாது, ஆனால் உள்ளே சூடாகி ஆயுள் குறையும். உள்ளே 10 வந்தாலும் 14 வந்தாலும் வெளியே 12 கொடுக்கும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டரை பேட்டரிக்கும் கேமராக்களுக்கும் நடுவில் வைத்தால் மேலேயும் கீழேயும் இரண்டு பிரச்சினையும் தீரும். பேட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸ் கட்டாயம், ஷார்ட் ஆன பேட்டரி எந்த எஸ்எம்பிஎஸ்ஸைவிடவும் மோசம்.

இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால் யுபிஎஸ் ஒன்றை வாங்கி சப்ளைப் பெட்டியை அதில் செருகிவிடுங்கள். பேட்டரி கரண்டை வீட்டு மின்சாரமாக்கி, அதை மறுபடி 12 வோல்ட் ஆக்குவது என்று இரண்டு முறை மாற்றுவதில் கொஞ்சம் வீணாகும், பரவாயில்லை. எதைச் செய்தாலும் ரெக்கார்டரையும் ரவுட்டரையும் மறக்காதீர்கள். என் நண்பர் வீட்டில் கேமராக்களுக்கு மட்டும் அருமையாக பேட்டரி வைத்து, ரெக்கார்டரைச் சுவர் பிளக்கிலேயே விட்டிருந்தார்கள். கரண்ட் இல்லாத ஓர் இரவில் வண்டி காணாமல் போனது. நான்கு கேமராவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன, பதிவு செய்ய ஆளில்லை.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே சப்ளைக்கு மாற்றியதிலிருந்து பழைய அனலாக் கேமராக்களின் படத்தில் கோடுகள் ஓடுகின்றன. முன்பு இல்லை.

பதில்: ரெக்கார்டரும் அதே சப்ளையில் இருக்கிறது, சரியா? அப்படியென்றால் கேமராவிலிருந்து கரண்ட் திரும்பி வர இரண்டு வழிகள் உருவாகிவிட்டன. ஒன்று மைனஸ் ஒயர், இன்னொன்று வீடியோ கேபிளின் வெளிக்கூடு. மைனஸ் ஒயர் மெல்லியதாக இருந்தால் கரண்டில் ஒரு பங்கு வீடியோ கேபிள் வழியாக வந்து படத்தைக் கெடுக்கும். ரெக்கார்டருக்கு மட்டும் அதன் பழைய அடாப்டரையே கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்தக் கேமராவின் வீடியோ லைனில் ஐசொலேட்டர் (அந்த இரண்டாவது வழியை அறுத்துப் படத்தை மட்டும் விடும் சின்னக் கருவி) ஒன்று போடுங்கள்.

கேள்வி: ஒரே சப்ளை கெட்டுப்போனால் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடுமே?

பதில்: போய்விடும். அதனால் ஆறு கேமராவுக்கு 10 ஆம்ப் ஒன்று வாங்குவதற்குப் பதில் 5 ஆம்ப் இரண்டு வாங்கிப் பிரித்துக்கொள்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு. முன்பக்கம் எல்லாம் ஒன்றில், பின்பக்கம் எல்லாம் இன்னொன்றில் என்று பிரிக்காதீர்கள். முன்பக்கத்துக் கேமராக்களில் ஒன்று முதல் சப்ளையில், அடுத்தது இரண்டாவதில், பின்பக்கமும் அப்படியே, எது போனாலும் எந்தப் பக்கமும் முழுக்கக் குருடாகாது. இரண்டின் வெளியீட்டையும் மட்டும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள், அதற்கென்று செய்யப்படாத சப்ளைகள் லோடைச் சரியாகப் பங்கிட்டுக்கொள்ளாது, ஒன்றுக்கொன்று சண்டை போடும். இரும்புப் பெட்டி வகை எஸ்எம்பிஎஸ் என்றால் எர்த் முனையில் கட்டாயம் எர்த் ஒயர் போடுங்கள், மேல் மூடியைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விடுங்கள். பல எஸ்எம்பிஎஸ்கள் 50 டிகிரிக்கு மேல் முழு லோடைத் தாங்காது, வெயில் படும் மாடிச் சுவரில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும்.